தென்னை நார்த்தூளில் வளரும் இளஞ்செடிகளுக்கு எப்போது நீர் ஊற்றுவது?

கேள்வி:
தக்காளி, மிளகாய் நாற்றுகளை நார்த்தூள் மட்டும் நிரப்பிய தொட்டிகளுக்கு மாற்றியிருக்கிறேன். காலையில் ஊற்றினாலும் மாலைக்குள் மேற்பரப்பு வெளுத்துவிடுகிறது. அடி இலைகளோ மஞ்சளாகின்றன. தினமும் ஊற்ற வேண்டுமா?

பதில் 1:
மேற்பரப்பின் நிறத்தை நம்ப வேண்டாம். மேலே காய்ந்து வெளுத்திருக்கும்போதே, விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் உள்ளே ஈரம் தட்டுப்படும். நீர் ஊற்றி வடிந்தவுடன் தொட்டியைத் தூக்கி அதன் கனத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கனம் நன்றாகக் குறைந்து, ஆனால் உள்ஈரம் முற்றிலும் வற்றுவதற்கு முன் மறுபடி ஊற்றுங்கள். சிறு நாற்று பெரிய தொட்டியில் இருந்தால் இதற்கு இரண்டு மூன்று நாள்கள்கூட ஆகலாம். வேர் தொட்டியை நிறைத்த பிறகு, கடும் வெயிலில் தினமும் தேவைப்படும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடித்துளை வழியே சிறிது நீர் வெளியேறும்வரை ஊற்றுங்கள். சரியாகக் கழுவப்படாத நார்த்தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருக்கும், அவை அப்போதுதான் வெளியேறும். முழுவதும் காயவிட்டால் அந்த உப்புகள் செறிந்து வேர்நுனியைக் கருக்கிவிடும்.

மஞ்சள் நிறத்துக்கு நீர் மட்டுமே காரணமாக இருக்காது. நார்த்தூளில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு என்பதால், நீர்த்த உரக்கரைசலைத் தவறாமல் கொடுங்கள். அதில் கால்சியமும் இருப்பது நல்லது, ஏனெனில் நார்த்தூள் அதைச் செடிக்கு விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
வடிந்த நீர் தட்டிலேயே தேங்கி நிற்கிறது. அதைச் செடி உறிஞ்சட்டும் என விட்டுவிடலாமா?

பதில் 2:
கூடாது. வெளியேறிய உப்பு மறுபடி மேலேறும், அடிவேருக்குக் காற்றும் கிடைக்காது. உடனே கொட்டிவிடுங்கள்.