தரம்பார்த்தலில் அளவு சரியாக வரவில்லை, அவசரம்

கடைசிபெஞ்ச்: நாளை அறிக்கை வைக்க வேண்டும். தரம்பார்த்தலுக்கு, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தை அளக்க, 20 மி.லி. அமிலம் எடுத்தேன், அமிலம் காரம் இரண்டும் 0.1 மோலார்தான் (லிட்டருக்கு 0.1 மோல்). பியூரெட்டில் (காரம் ஊற்றிய அளவுக் குழாயில்) 20 மி.லி. இறங்க வேண்டும் அல்லவா? 6 மி.லி.யிலேயே நிறம் மாறிவிடுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

துளித்துளி: என்ன அமிலம்? என்ன காரம்? நிறம் மாறிக் காட்ட என்ன நிறங்காட்டி போட்டீர்கள்?

கார்பன்6: காரம் சோடியம் ஹைட்ராக்சைடுதானே? அப்படியானால் கேட்கவே வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகியிருக்கும். கரைசலைப் புதிதாகத் தயாரியுங்கள்.

நீலலிட்மஸ்: அப்படியானால் காரம் அதிகமாக அல்லவா செலவாகும்? இவருக்குக் குறைகிறதே.

பழையஆய்வகம்: இதே கேள்வி ஓயாமல் வருகிறது. புத்தகத்தைத் திறக்கும் பழக்கமே போய்விட்டது. பியூரெட்டைக் காரக் கரைசலால் அலசினீர்களா, வெறும் தண்ணீராலா? குடுவையை அமிலத்தால் அலசித் தொலைத்தீர்களா? பியூரெட் முனையில் குமிழி?

துளித்துளி: ஐயா, மூன்றுமே அளவைக் கூட்டிக் காட்டும் தப்புகள்.

கடைசிபெஞ்ச்: அசிட்டிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, மெத்தில் ஆரஞ்சு. அதெல்லாம் முக்கியமா? நிறமும் சட்டென்று மாறாமல் இழுக்கிறது.

துளித்துளி: முக்கியமே அதுதான்! பிஎச் என்பது அமிலத்தன்மையைச் சொல்லும் எண், 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1 முதல் 4.4 வரை சிவப்பிலிருந்து மஞ்சளாகும். உங்கள் அமிலம் வலிமை குறைந்தது, ஆரம்பத்திலேயே பிஎச் 2.9. 6 மி.லி. காரம் விழுந்ததும் 4.4 ஆகி மஞ்சள் வந்துவிடும், அமிலத்தில் 70 சதவீதம் அப்படியே கிடக்கும். அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் சமானப் புள்ளி 8.7 பக்கம். பினாப்தலீன் போடுங்கள், அது 8.3க்கு மேல்தான் மாறும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும்.

நீலலிட்மஸ்: இருங்கள், நடுநிலையாக்கினால் 7 தானே வர வேண்டும்?

துளித்துளி: குடுவையில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ராக்சைடு மிஞ்சும். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் 7.

பழையஆய்வகம்: அந்த 7கூட 25 டிகிரி செல்சியஸில்தான். அப்புறம், மோலார் என்று எழுதுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். எங்கள் காலத்தில் நார்மாலிட்டிதான், ஒரு மூலக்கூறு எத்தனை புரோட்டான் தரும் என்பதையும் சேர்த்த கணக்கு.

நீலலிட்மஸ்: இந்த இரண்டுக்கும் மோலாரும் நார்மலும் ஒரே எண்தானே, என்ன மாறிவிடும்?

பழையஆய்வகம்: ஆக்சாலிக் அமிலம் எடுத்துப் பாருங்கள், ஒரு மூலக்கூறு இரண்டு புரோட்டான் தரும். 0.1 மோலார் என்றால் 0.2 நார்மல். அங்கே விழிப்பீர்கள்.

நீலலிட்மஸ்: இங்கே ஆக்சாலிக் அமிலத்தை யார் கேட்டது?

கடைசிபெஞ்ச்: பினாப்தலீனில் 20.3 வந்தது. நன்றி.

கார்பன்6: பார்த்தீர்களா, 0.3 கூடுதல். கார்பனேட்!

பழையஆய்வகம்: குமிழியாகவும் இருக்கலாம். பியூரெட்டை எதால் அலசினார் என்று இன்னும் சொல்லவில்லை.