பங்குதாரரா, உரித்தாளரா, தரப்பாரா? வெளிநாட்டு நிதித் திட்டங்களில் கருத்துக் கேட்பதற்கு ஒரு சொல்

நுவரெலியாவிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களைப் பற்றி மலையகத் தோட்டங்களில் கருத்துத் திரட்டும் வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. 'ஸ்டேக்ஹோல்டர் கன்சல்டேஷன்', அதாவது ஒரு திட்டத்தோடு தொடர்புடையவர்களிடம் கருத்துக் கேட்டுப் பேசுவது, என்ற தொடர் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போது புழங்கும் தமிழ்ச் சொற்கள் எதுவும் தோட்டத்தில் எடுபடாது.

1992இல் தோட்ட நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அதன் பிறகு 'பங்குதாரர்' என்றால் கம்பனியில் பங்கு வைத்திருப்பவர்தான். "பங்குதாரர்களின் கருத்து பெறப்பட்டது" என்று எழுதினால், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர் அது யாரோ கொழும்புக்காரரைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்வார். 'பங்காளர்' என்றால் பங்காளி நினைவுக்கு வரும். அது மாமன் மச்சான் முறைக்கு மறுபக்கத்து உறவு. அரச ஆவணங்களில் வரும் 'பங்கீடுபாட்டாளர்' கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லே அல்ல.

எல்லாவற்றிலும் மோசமானது 'பயனாளி'. கேட்பதற்கு முன்பே பயன் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது. ஜப்பானியக் கடனில் கட்டி 2012இல் திறந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தையே எடுங்கள். 150 மெகாவோட் மின்சாரம் நாட்டுக்குப் போகிறது. தலவாக்கலையில் வீட்டை விட்டு எழும்ப வேண்டியிருந்தவர்களும், சென் கிளயர் அருவியின் நீருக்காகக் குரல் கொடுத்தவர்களும் அந்தத் திட்டத்தில் கருத்துச் சொல்ல உரிமை உள்ளவர்கள். அவர்களைப் பயனாளிகள் என்று எந்த வாயால் சொல்வது?

என் முன்மொழிவு: 'உரித்தாளர் கலந்தாய்வு'. உரிமை என்ற பொருளும் அதில் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஹட்டனிலிருந்து:

அக்கா, பயனாளி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் உரித்தாளர் வேண்டவே வேண்டாம்.

தோட்டத்தில் உரித்து என்றால் முதலில் காணி உரித்துதான். இந்திய மானியத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகள் என்று பேச்சு நடக்கும் ஊர் இது. வீட்டோடு 7 பேர்ச் காணி, அதற்கு உறுதிப் பத்திரம் எப்போது கையில் கிடைக்கும் என்பதுதான் எல்லார் வாயிலும் இருக்கும் கேள்வி. இந்த நேரத்தில் "உரித்தாளர் கையொப்பம்" என்று ஒரு படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போட்டவர் அதன் பிரதியைக் காணிப் பத்திரம் போலப் பத்திரப்படுத்தி வைப்பார். பெயர் எழுதாமல் விடப்பட்டவர் சண்டைக்கு வருவார். தோட்ட நிர்வாகமோ அந்தப் படிவத்தை உள்ளே விடவே யோசிக்கும். கருத்துக் கேட்கப் போன இடத்தில் காணி வழக்கு ஒன்றைக் கிளப்பிவிட்டு வருவோம். அதைத் தீர்க்கும் அதிகாரமும் நமக்கு இல்லை.

'தரப்பு' என்ற சொல்லைப் பாருங்கள். சம்பளப் பேச்சு என்றால் முதலாளிமார் தரப்பு, தொழிற்சங்கத் தரப்பு, அரச தரப்பு என்று மேடையிலும் வீட்டிலும் பேசுகிறார்கள். 'முத்தரப்பு' தெரியாத தலைவர் கிடையாது. இன்னொரு வசதி: நம்முடைய படிவங்கள் மும்மொழியில் அச்சாகின்றன. சிங்களத்தில் இதற்குப் 'பார்ஷவகருவன்' என்று எழுதுகிறார்கள். அதுவும் பக்கம், தரப்பு என்ற வேரிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிப் பத்தியும் ஒரே பொருளில் நிற்கும். 'தரப்பினர் கலந்தாய்வு' என்று வைக்கலாம்.

பேராதனையிலிருந்து:

தம்பி சொன்ன காரணங்களை ஏற்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. உதவித் துறையில் 'தரப்பு' ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தருவது இருதரப்பு உதவி. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும் கொத்மலை அணைக்குச் சுவீடனும் கொடுத்தது அந்த வகை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவை தருவது பல்தரப்பு உதவி. "இருதரப்பு உதவி பற்றித் தரப்பினர் கருத்து" என்று எழுதினால் அந்த இரண்டு தரப்பாரும் யார் என்று வாசிப்பவர் தேடுவார். ஆகவே உதவியின் வகையைச் சொல்லும் இடத்தில் 'நாட்டுக்கு நாடு', 'பன்னாட்டு வங்கி வழி' என்று விரித்து எழுதிவிட்டு, ஆட்களைக் குறிக்க மட்டும் 'தரப்பார்' என்று வைப்போம்.

அதற்குள் இரு பிரிவு கட்டாயம் வேண்டும். உலக வங்கியின் சுற்றாடல், சமூகச் சட்டகம் 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் நியமம் திட்டத்தால் பாதிக்கப்படுவோரையும், பாதிப்பு இல்லாவிட்டாலும் அதில் அக்கறை கொள்வோரையும் தனித்தனியாக அடையாளம் காணச் சொல்கிறது. 'பாதிப்புறு தரப்பார்', 'அக்கறைத் தரப்பார்' என்று பிரிக்கலாம். பிரிக்காவிட்டால் நடப்பது இதுதான்: நகரத்து ஹோட்டல் மண்டபத்தில் திணைக்கள அதிகாரிகளையும் தொண்டு நிறுவனத்தாரையும் கூட்டிவிட்டு, எல்லாத் தரப்பையும் கேட்டாயிற்று என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். அதில் இருப்பவர் முழுக்க இரண்டாம் பிரிவினர்.

'கலந்தாய்வு' பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வேலைகளை ஒரே சொல்லால் சொல்கிறோம். உலக வங்கி நாடு தோறும் நடத்தும் கருத்துக்கணிப்பில் அரச அதிகாரிகள், தனியார் துறை, சிவில் சமூகம், ஊடகம், கல்வியாளர் போன்றோரிடம் 1 முதல் 10 வரை புள்ளி கேட்கிறார்கள். பதில் ஒரு பக்கம் மட்டும் போகிறது. அது 'கருத்தாய்வு'. முடிவெடுப்பதற்கு முன் மக்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவது 'கருத்துக்கேட்பு'. கேட்டதற்குப் பதில் சொல்லி, திட்டத்தை மாற்றவும் ஆயத்தமாக இருந்தால்தான் 'கலந்தாய்வு'. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கொள்கை கேட்டது இந்த மூன்றாவதைத்தான். தொடக்கத்திலேயே ஆரம்பித்துத் திட்டக்காலம் முழுக்கத் தொடர வேண்டும்; விளங்கும் மொழியில் தகவல் நேரத்தோடு தர வேண்டும்; அச்சுறுத்தலோ கட்டாயமோ இருக்கக் கூடாது; ஆண் பெண் இருபாலாரையும் சேர்க்க வேண்டும்; சொன்னது முடிவில் இடம்பெற வேண்டும். ஒரு நாள் வினாக்கொத்தோடு போய்வருவதைக் கலந்தாய்வு என்று பெயரிட்டால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுகிறோம்.

பதுளையிலிருந்து:

பேராதனை சேர் பிரித்துக் காட்டியது மிக அவசியமானது. களத்துப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் தலைப்புச் சொல்லைத் திருத்திவிட்டு வினாவை அப்படியே விட்டால் பலன் இல்லை.

வினாவில் வரும் 'உதவி' என்ற சொல்லே பதிலைக் கெடுத்துவிடுகிறது. உதவி செய்தவரைக் குறை சொல்வது நன்றி கெட்டதனம் என்று வளர்ந்த சனம் நாங்கள். "வெளிநாட்டு உதவியில் கட்டிய தண்ணீர்த் திட்டம் எப்படி?" என்றால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் "நல்லது" என்றுதான் வரும். 'வெளிநாட்டு நிதி' என்று எழுதி, அது மானியமா கடனா என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்ல வேண்டும். மானியம் என்பதையும் சிலர் நிவாரணம் என்று நினைப்பார்கள். "திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம்", "நாடு வட்டியோடு திருப்பிக் கட்டும் பணம்" என்று சொன்னால் குழப்பம் இல்லை. கடன் என்று தெரிந்ததும் மக்கள் கேட்கும் கேள்வியே வேறாகிவிடும்.

அடுத்தது பட்டியல். செக்ரோலை (தோட்ட வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டை) வாங்கி அதிலிருந்து ஆள் தெரிவு செய்வது சுலபம், அதனால் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர் மட்டும். அதே லயத்தில் இருந்துகொண்டு வெளியே மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறவர், கொழும்புக் கடையில் வேலை செய்து பொங்கல் தீபாவளிக்கு வருகிறவர், ஓய்வு பெற்றவர், படித்துவிட்டு வேலை தேடுகிறவர் யாரும் அதில் இல்லை. லயம் லயமாக, காம்பரா காம்பராவாக (அறை அறையாக) ஒரு கணக்கு எடுத்து, அதிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று டிவிசன்களையும் விடக் கூடாது. றோட்டோரத்து டிவிசனை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது வழமையான தவறு.

நேரமும் இடமும். காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் இருப்பார்கள். அவர்களை இறக்கினால் அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போகும், அல்லது அரைப்பேர்தான் விழும். அந்தச் சம்பளத்தைத் திட்டம் கொடுக்க வேண்டும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் தண்ணீர், விறகு, சமையல் காத்திருக்கும். ஞாயிறு காலை நல்லது, ஆனால் கொழுந்து மிகுந்த மாதங்களில் ஞாயிறும் காசுக்குக் கொழுந்தெடுக்கும் கைக்காசு வேலைக்குப் போய்விடுவார்கள். சம்பள நாளையும் திருவிழாவையும் தவிர்க்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களமும் ஆபீஸ் வாசலும் ஆகவே ஆகாது: அங்கே நின்றால் தொரைக்குக் (தோட்ட மேலாளருக்குக்) கேட்கும்படிதான் பேச்சு வரும். கோயில் மண்டபம் அல்லது வேலை முடிந்த பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலையம்) பொருத்தம். ஒரு குழுவுக்கு 8 முதல் 10 பேர் போதும். பெண்கள் தனி, இளைஞர் தனி, தலைவர்மாரும் கங்காணிமாரும் தனி. ஒருவர் கேட்க, மற்றவர் எழுத வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் எழுத எளிதானது மட்டும் தாளில் ஏறும்.

10க்குப் புள்ளி கேட்பதை நேரடியாகச் செய்யாதீர்கள். பாதிப் புள்ளி கொடுப்பது மரியாதைக் குறைவு என்று 8, 9 என்றே வரும். முதலில் வேலை முடிந்ததா, இன்று பயன்படுகிறதா, பழுதானால் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் புள்ளிக்கு வாருங்கள். குழுவில் 10 புளியங்கொட்டையைக் கொடுத்து நன்மைக்கு எத்தனை, குறைக்கு எத்தனை என்று பிரிக்கச் சொல்லலாம். அந்த 10 கொட்டை ஒரு குழுவின் ஒரு முடிவு. அதைப் 10 பேரின் வாக்காகக் கூட்டி வீதம் போடுவது பிழை.

நுவரெலியாவிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. உரித்தாளரை எடுத்துவிட்டேன். பதிவு இப்படிப் போகிறது: 'தரப்பார்', உட்பிரிவாகப் 'பாதிப்புறு தரப்பார்', 'அக்கறைத் தரப்பார்'. செயலுக்குக் கருத்தாய்வு, கருத்துக்கேட்பு, கலந்தாய்வு என மூன்று. கலந்தாய்வு என்ற பெயரைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். சொன்னது, எடுத்த முடிவு, அதற்கான காரணம் என்ற மூன்று பத்தித் தாள் தமிழில் அச்சிட்டுக் கோயிலிலும் கடையிலும் டிஸ்பென்சரியிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் கருத்துக்கேட்பு என்றே எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் மிச்சம். படிவத்தின் அடியில் ஒருமை வேண்டும். 'தரப்பாளர் கையொப்பம்' என்று போடலாமா?

ஹட்டனிலிருந்து:

அக்கா, கையொப்பமே வேண்டாம். வந்தவர் பெயர் வரவுத்தாளில் இருக்கட்டும், அதற்குத் தலைப்பு 'பெயர்' என்றாலே போதும். கருத்துக் குறிப்பில் "பெண்கள் குழு, கீழ்ப்பிரிவு" என்பதற்கு மேல் எதுவும் எழுதக் கூடாது. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால் எந்தக் குறையை யார் சொன்னார் என்று அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். வரவுத்தாள் தோட்டத்துக்கு வெளியே, திட்ட அலுவலகத்தில் இருக்கட்டும். வினாக்கொத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள், கேட்கப் போகிறவர் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டிய வரியாக.