ஜாங்கோவை உள்ளே போய்ப் படிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:

இரண்டு வருடமாக ஜாங்கோவில்தான் (பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க்) வேலை. மாடல் (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்) எழுதுவேன், வியூ (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) எழுதுவேன், யூஆர்எல்லோடு இணைப்பேன், ஓடும். போன வாரம், யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று லாக் எடுக்க ஒரு சின்ன மிடில்வேர் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் வியூவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கடந்துபோகும் கோடு) எழுதி, செட்டிங்ஸில் இருக்கும் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்தேன். ரிக்வெஸ்டில் யூசர் என்று ஒன்றே இல்லை என்று பிழை வந்தது. கடைசி வரிக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

சரி, சோர்ஸ் கோடையே படித்துவிடலாம் என்று மாடல்கள் இருக்கும் ஃபைலைத் திறந்தேன். மெட்டாகிளாஸ் (கிளாஸையே உருவாக்கும் கிளாஸ்) அது இது என்று இரண்டு மாலை போனதுதான் மிச்சம், ஒன்றும் பிடிபடவில்லை. இதைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் எந்த வழியில் போனீர்கள்?

பதில் 1:

நீங்கள் நுழைந்த வாசல்தான் தப்பு. மாடல் பகுதி ஜாங்கோவிலேயே கடினமான இடம், ஏனென்றால் அங்கே கிளாஸை எழுதி முடித்த கணத்திலேயே, ஒரு ஆப்ஜெக்ட் கூட உருவாகும் முன்பே, பாதி வேலை நடந்துவிடுகிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு வியூவை எடுங்கள். அதன் முதல் வரியில் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் ப்ரேக்பாயின்ட் ஃபங்ஷனைப் போடுங்கள் (பைத்தான் 3.7 முதல் தனியாக எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம்). ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வரான ரன்சர்வரை நோரீலோட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கோடு மாறுகிறதா என்று கவனிக்க அது இன்னொரு ப்ராசஸையும் சேர்த்து ஓட்டும், தேவையில்லாத குழப்பம். பக்கத்தைத் திறந்ததும் டெர்மினலில் டீபக்கர் நிற்கும். அங்கே டபிள்யூ என்ற ஒரே எழுத்தைத் தட்டினால், உங்கள் வியூவை யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்று முழு வரிசையும் வரும். கீழிருந்து மேலே படியுங்கள். ஒரே ஜோடி ஃபங்ஷன்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அதுதான் மிடில்வேர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. புதிதாகத் தொடங்கிய ப்ராஜெக்டில் 7 மிடில்வேர் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் பிழைக்கு வருவோம். பேஸ்ஹேண்ட்லர் என்ற கிளாஸில் லோட்_மிடில்வேர் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, நூறு வரிக்குள் முடிந்துவிடும். சர்வர் தொடங்கும்போது ஒரே முறை ஓடும். அது உங்கள் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கிறது. வியூவைத் தேடி அழைக்கும் ஃபங்ஷனை நடுவில் வைத்து, கடைசி மிடில்வேரை அதன்மேல் சுற்றி, அதற்கு முந்தையதை இதன்மேல் சுற்றி, இப்படியே போய் முதல் வரியில் இருப்பது ஆக வெளியே வந்து நிற்கும். வெங்காயம் மாதிரி. ஆகவே ரிக்வெஸ்ட் முதலில் தொடுவது உங்கள் மிடில்வேரை. யூசரை ரிக்வெஸ்டில் வைக்கும் ஆத்தென்டிகேஷன் மிடில்வேர் இன்னும் நாலைந்து தோல் உள்ளே இருக்கிறது. அது ஓடவே இல்லை, யூசர் எப்படி இருக்கும்?

அந்த மெத்தட் ஒவ்வொரு தோலையும் இன்னொரு ஃபங்ஷனால் மூடுவதையும் கவனியுங்கள். உள்ளே எங்கே எக்செப்ஷன் வெடித்தாலும் அது அங்கேயே ரெஸ்பான்ஸாக மாறிவிடும், அதனால் வெளித்தோலில் இருப்பவருக்கு எப்போதும் ஒரு ரெஸ்பான்ஸ் கைக்கு வரும். நான் பார்த்த கோடுகளில் இவ்வளவு சுத்தமான ஏற்பாடு குறைவு.

பதில் 2:

மேலே சொன்னது சரிதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் ஜாங்கோவை மூடி வையுங்கள் என்பேன். வெறும் பைத்தானில் ஒரு டபிள்யூஎஸ்ஜிஐ (வெப் சர்வரும் பைத்தான் கோடும் பேசிக்கொள்ளும் பொது விதி) அப்ளிகேஷன் எழுதுங்கள். அது இரண்டு ஆர்குமென்ட் வாங்கும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான்: ரிக்வெஸ்ட் பற்றிய விவரங்கள் அடங்கிய ஒரு டிக்ஷனரி, ஸ்டேட்டஸையும் ஹெடர்களையும் அனுப்ப ஒரு ஃபங்ஷன். திருப்பித் தருவது பைட்டுகளின் ஒரு லிஸ்ட். ஓட்டிப் பார்க்க டபிள்யூஎஸ்ஜிஐரெஃப் பைத்தானோடேயே வருகிறது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பத்து வரியில் ஒரு பக்கம் பிரவுசரில் தெரியும்.

பிறகு நீங்களாகவே சேர்த்துக்கொண்டே போங்கள். பாதையைப் பார்த்து ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்க ஒரு டிக்ஷனரி போட்டால் அது யூஆர்எல் ரவுட்டிங், அந்த விவரங்களை ஒரு கிளாஸில் பொதிந்தால் அது ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட், ஒரு ஃபங்ஷனை இன்னொன்றால் சுற்றினால் மிடில்வேர். அதன்பின் ஜாங்கோவின் டபிள்யூஎஸ்ஜிஐஹேண்ட்லரைத் திறந்து பாருங்கள், அதே இரண்டு ஆர்குமென்ட் உட்கார்ந்திருக்கும். ரன்சர்வர்கூட அதே டபிள்யூஎஸ்ஜிஐரெஃப் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கையால் ஒரு முறை கட்டாமல் படித்தால், எது அடிப்படை, எது பல வருடப் பழக்கத்துக்காக விட்டுவைத்த வரி என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

பதில் 3:

ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று புரியாவிட்டால் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், கிட் பிளேம் போடுங்கள், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று அது காட்டும். ஜாங்கோவில் பிழை திருத்தும் கமிட் செய்திகள் பெரும்பாலும் டிக்கெட் (பிழைப் புகார்) எண்ணோடு தொடங்கும். அந்த டிக்கெட்டைத் திறந்தால் யாருக்கு என்ன உடைந்தது, என்னென்ன வழிகளை யோசித்தார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள் எல்லாம் இருக்கும். ஒரு வரி இஃப் கண்டிஷனுக்குப் பின்னால் மாதக்கணக்கில் விவாதம் நடந்திருக்கும். அப்புறம், டெஸ்ட் ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். ஒரு டெஸ்டை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் பத்து வரி சர்வரை எழுதினேன், பிறகு ப்ரேக்பாயின்ட். லோட்_மிடில்வேரில் பட்டியலைத் தலைகீழாக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது, உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மிடில்வேரைப் பழையபடி முதல் வரியிலேயே வைத்துவிட்டு, யூசரைப் படிக்கும் வரியை மட்டும் ரிக்வெஸ்டை அடுத்த தோலுக்கு அனுப்பும் கெட்_ரெஸ்பான்ஸை அழைத்த வரிக்குக் கீழே நகர்த்தினால் பிழை வரவில்லை! ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட் ஒன்றுதான், உள்ளே போய்த் திரும்பும்போது யூசரோடு வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் டீபக்கரில் யூசரின் டைப்பைக் கேட்டால் யூசர் என்று சொல்லாமல் சிம்பிள்லேஸிஆப்ஜெக்ட் என்கிறது. அது என்ன?

பதில் 1:

நினைத்தது சரி. ஆத்தென்டிகேஷன் மிடில்வேர் டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை, "யாராவது கேட்டால் அப்போது போய் எடுத்து வருகிறேன்" என்று ஒரு பொதியை மட்டும் ரிக்வெஸ்டில் வைத்துவிட்டுப் போய்விடும். பெயரோ மெயிலோ எதையாவது முதல்முறை தொடும்போதுதான் குவெரி போகும். மாடலிடம் டேட்டா கேட்கும்போது கிடைக்கும் குவெரிசெட்டுக்கும் இதே குணம்தான், ஃபில்டர் போட்ட வரியில் எதுவும் நடக்காது, ஃபார் லூப்பில் சுற்றும்போதுதான் எஸ்கியூஎல் ஓடும்.

இதில் உங்கள் லாக் மிடில்வேருக்கு ஒரு விலை உண்டு. லாகின் செய்தவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அந்தப் பக்கத்துக்கு யூசர் தேவையே இல்லாவிட்டாலும், நீங்கள் தொடுவதால் குவெரி போகிறது. செஷன் (லாகினை நினைவில் வைக்கும் தகவல்) டேட்டாபேஸில் இருந்தால் அதற்கும் சேர்த்து இரண்டு. மிடில்வேர் கடைசி வரியில் இருந்து யூசரைத் தொட்டால் ரெஸ்பான்ஸின் வேரி ஹெடரில் (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்வது) குக்கியும் ஏறிவிடும், கேஷ் ஆளாளுக்குத் தனிப் பிரதி வைக்கத் தொடங்கும். செஷன் மிடில்வேரின் ப்ராசஸ்_ரெஸ்பான்ஸைத் திறந்து, ஆக்ஸெஸ்ட் என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று பாருங்கள்.