ஒன்றரை வயதுப் பையனை காரில் முன்நோக்கி உட்கார வைக்கலாமா?

கேள்வி: குழந்தை இருக்கையைப் பின்நோக்கித்தான் மாட்டியிருக்கிறோம். இப்போது கால் இடிக்கிறது, ஒரே அழுகை. திருப்பிவிடு என்கிறார் மாமியார். திருப்பலாமா?

பதில்: வேண்டாங்க. கால் மடங்கினால் ஒன்றும் ஆகாது. இந்த வயதில் தலை கனம், கழுத்தில் பலம் குறைவு, பின்நோக்கி இருந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுக்கப் பகிர்ந்து வாங்கிக்கொள்ளும், முன்நோக்கி இருந்தால் கழுத்துதான் இழுபடும். இருக்கையில் போட்டிருக்கும் எடை, உயர வரம்பு வரும்வரை அப்படியே விடுங்கள். ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் மட்டும் பின்நோக்கி மாட்டவே கூடாது.

பதில்: குழந்தையைக் கட்டும் இருக்கை வாரையும் பாருங்கள். தோள் பக்கம் கிள்ளினால் மடிப்பு விரலில் சிக்கக் கூடாது. நான் ஆறு மாதம் தொளதொளவென்றுதான் கட்டியிருந்தேன், நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: அழுகையை நிறுத்த கார் சாவியைக் கொடுக்கிறீர்களா? பல ரிமோட் சாவிகளுக்குள் பட்டன் பேட்டரி இருக்கிறது. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பட்டன் பேட்டரி போட்ட வீட்டு ரிமோட்டுகளுக்கும் இதே கதைதான்.

கேள்வி கேட்டவர்: சரி, திருப்பவில்லை. சாவியைத்தான் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்!