மலைப்பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவசியமா?

மலைத்தடம்:
எட்டு வண்டிகள் கொண்ட குழுவை மலைப்பாதையில் அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஓட்டுபவர்களில் பாதிப் பேர் கரடுமுரடான பாதைக்குப் புதியவர்கள். முன்பே ஒருமுறை போய் வழியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். செயற்கைக்கோள் படமும், ஏற்கெனவே போனவர்கள் பதிந்துவைத்த ஜிபிஎஸ் தடமும் கையில் இருக்கும்போது அது வீண் அலைச்சல் என்கிறார் உடன் ஏற்பாடு செய்பவர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குறுக்குவழி:
நான் அவர் பக்கம். ஜிபிஎஸ் தடத்தைப் பலரும் வெறும் கோடாகப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியோடும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். 100 மீட்டரைக் கடக்க ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தால் அந்த இடத்தில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று பொருள். நான்கைந்து பேரின் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லோரும் தயங்கிய இடம் தானாகத் தெரியும். மலைப்பாதையை இன்னொரு முறை தேவையில்லாமல் உழுவானேன்?

கரடுபாதை:
கடுமையாக மறுக்கிறேன். அந்த அரை மணி நேரம் அவர் இளைப்பாற நின்றதாகவும் இருக்கலாம். அவர் ஓட்டியது என்ன வண்டி, ஏறினாரா இறங்கினாரா, தரை காய்ந்திருந்ததா, எதுவும் அந்தக் கோட்டில் இல்லை.

உயரக் கணக்கும் அப்படித்தான். பல இணைய வரைபடங்கள் எஸ்ஆர்டிஎம் தரவை நம்பியிருக்கின்றன. விண்வெளி ஓடத்திலிருந்து 2000 பிப்ரவரியில் ரேடார் மூலம் எடுத்த அளவு அது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உங்கள் பாதையின் அகலமோ மூன்று மீட்டர். நடுவில் திடீரென்று எழும் மேடு அதில் எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட மேட்டின் உச்சியில் முன்சக்கரங்கள் இறங்கியிருக்கும், பின்சக்கரங்கள் இன்னும் ஏறியிருக்காது, வண்டியின் அடி மண்ணில் உட்கார்ந்துவிடும். நீளமான வண்டி மாட்டிக்கொள்ளும். குட்டையான வண்டி தாண்டிவிடும். ஆகவே குழுவில் எந்த வண்டி எளிதில் அடி தட்டுமோ, அந்த வண்டியின் கண்ணால் பாதையைப் பார்க்க வேண்டும். அதற்கு நேரில்தான் போயாக வேண்டும்.

குறுக்குவழி:
நண்பரே, நேரில் போய்ப் பார்த்ததும் பழைய செய்திதான். நீங்கள் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஒரு மழை பெய்தால் போதும். களிமண் சரிவு வேறு பாதையாகிவிடும். இதில் எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது வேறொன்று. 'போன வாரம் ஏறிய பாதைதானே' என்ற துணிச்சலில் தலைவர் வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கவே மாட்டார். அவர் இறங்காவிட்டால் பின்னால் வருபவர்களும் இறங்க மாட்டார்கள். ஐயமுள்ள ஒவ்வோர் இடத்திலும் அன்றன்றைக்கு நடந்து பார்ப்பதே பாதுகாப்பு.

கரடுபாதை:
நடந்து பார்க்க வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால், நடந்து பார்த்து 'இது முடியாது' என்று தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் ஏழு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. திருப்ப இடமில்லை. புதியவர்களை வளைவுக்கு வளைவு ரிவர்ஸ் கியரில் இறக்கப் போகிறீர்களா?

மழை பெய்தால் சேறு மாறும். பாறையின் அகலம் மாறாது. வண்டி திருப்ப எங்கே இடம் இருக்கிறது, ஏற்றத்துக்கு முன் எல்லா வண்டிகளும் எங்கே காத்திருக்கலாம், எதிரே ஒரு வண்டி வந்தால் எங்கே ஒதுங்கலாம்: முன்பே போவது முக்கியமாக இவற்றைக் குறித்துக்கொள்ளத்தான்.

இன்னொன்றும் உண்டு. முதல் வண்டி ஏறும்போது சரளை இறுகி இருக்கும். சக்கரம் வழுக்கிச் சுழலும் ஒவ்வொரு வண்டியும் கல்லைப் பெயர்த்துக் கீழே தள்ளும். கடைசி வண்டிக்குக் கிடைப்பது குழிந்த தடமும் உதிரிக் கற்களும்தான். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அனுபவம் குறைந்தவரை நிறுத்துகிறார்கள்! ஏற்றத்தின் நடுவில் அவர் நின்றுபோனால், பதற்றத்தில் வண்டியைக் குறுக்கே திருப்பப் பார்ப்பார். உருண்டுவிடும். நேராகப் பின்னோக்கி இறங்குவதுதான் வழி. அதனால் ஒரு வண்டி மேலே போய்ச் சேரும்வரை அடுத்தது கீழேயே நிற்க வேண்டும். நிற்க இடம் எங்கே என்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஓடைக்கரை:
ஓடைகளைப் பற்றி இருவரும் பேசவில்லை. பனி உருகி வரும் ஓடையில் விடியற்காலையில் நீர் குறைவாகவும் பிற்பகலில் மிகுதியாகவும் ஓடும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு, குழுவை மாலையில் கொண்டுபோனால் அந்தப் பார்வையால் பயனில்லை. குழு எந்த நேரத்தில் கடக்குமோ அந்த நேரத்தில் பாருங்கள். மலையுச்சியில் பெய்யும் மழையால், வெயில் அடிக்கும் இடத்திலும் ஓடை பெருகும். கலங்கல் நிறம் தெரிந்தால் காத்திருப்பதே மேல். பாதை தனியார் நிலத்திலோ காட்டுக்குள்ளோ போனால் அனுமதி கேட்பதையும் அந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாம்.

குறுக்குவழி:
திருப்பும் இடங்களைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதற்கும் முழுப் பாதையையும் ஓட்ட வேண்டியதில்லை. சிக்கலான பகுதிவரை வண்டியில் போய், மீதியை நடந்தே பார்க்கலாம். தரையும் கெடாது. அதோடு, முன்கூட்டிப் பார்க்கத் தனி வண்டியாகப் போகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. கைபேசிக்கு சிக்னல் கிடைக்காத இடத்தில் சிக்கிக்கொண்டால் இழுத்து எடுக்க யார் வருவார்கள்?

கரடுபாதை:
இரண்டு வண்டிகள் போக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடந்து பார்ப்பது ஏற்றத்துக்குச் சரி. நீண்ட இறக்கத்தை லோ ரேஞ்சில் (வண்டியை மெதுவாகவும் கூடுதல் இழுவையோடும் ஓட்ட உதவும் கியர் அமைப்பு) முதல் கியரில் ஓட்டிப் பார்த்தால்தான் எஞ்சின் எவ்வளவு தூரம் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் எங்கே சூடாகிறது என்பது புரியும்.

குறுக்குவழி:
உங்கள் வண்டியில் அது புரியும். குழுவிலுள்ள மற்ற ஏழு வண்டிகளுக்கு அது பொருந்தாது.

மலைத்தடம்:
இருவருக்கும் நன்றி. இரண்டு வண்டிகளில் போகிறோம். ஒன்று குழுவிலேயே நீளமான வண்டி. முதல் ஓடைவரை ஓட்டிவிட்டு, அதற்கு மேலே உள்ள ஏற்றத்தை நடந்து பார்க்கிறோம். இறக்கத்தை ஓட்டிப் பார்க்கலாமா என்பதை அங்கே தரையைப் பார்த்து முடிவு செய்வேன். குழு போகும் நாளில் கடைசி வண்டியை அனுபவமுள்ளவர் ஓட்டுவார். புதியவர்கள் முன்பாதியில் வருவார்கள்.