வெறும் 12 இணைகள் கொண்ட டி.என்.ஏ எப்படி நீர்மப் படிகமாகிறது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தன் படியோடு தானே இணையக்கூடிய சிஜிசிஜி‌ஏஏடிடிசிஜிசிஜி என்னும் டி.என்.ஏ தொடரின் (ஒவ்வோர் எழுத்தும் ஒரு காரம்; எதிர் இழையின் காரத்தோடு சேர்ந்தால் ஓர் இணை) அடர்ந்த கரைசலைத் தளவிளைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தால், விசிறி விரித்தாற்போன்ற வண்ணக் கோலங்கள் தெரிகின்றன. இது நீர்மப் படிகத்தின் அடையாளம்; அதாவது, மூலக்கூறுகள் நீர்மம்போல் நகர்ந்தாலும் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் நிலை. ஈரிழையின் விட்டம் 2 நானோமீட்டர், நீளமோ ஏறத்தாழ 4 நானோமீட்டர்தான். வேதியியலாளர் ஒன்சாகர் 1949-இல் வகுத்த கோட்பாட்டின்படி, கோல்கள் ஒரே திசையில் அணிவகுக்க விட்டத்தைப்போல் நான்கைந்து மடங்கு நீளமாவது வேண்டும். இவ்வளவு குட்டையான துண்டுகள் எவ்வாறு அணிவகுக்கின்றன?

மறுமொழி 1:
துண்டுகள் தனித்தனியாக அணிவகுப்பதில்லை; முனையோடு முனை ஒட்டி நீண்ட பிறகே அணிவகுக்கின்றன. காரங்களின் தட்டையான முகங்கள் நீரை விரும்பாதவை. ஈரிழையின் உட்புறத்தில் ஒவ்வொரு முகத்தையும் அடுத்த இணை மூடிக்கொள்கிறது, ஆனால் இரு முனைகளிலும் ஒரு முகம் நீருக்குத் திறந்தே கிடக்கிறது. அத்தகைய இரு முகங்கள் சந்தித்தால் நாணயங்களைப் போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. இது வேதிப்பிணைப்பு அன்று. ஒட்டுவதும் பிரிவதும் ஓயாமல் நடக்கும், செறிவு ஏற ஏறச் சங்கிலியின் சராசரி நீளமும் ஏறும். 6 முதல் 20 இணைகள் வரையுள்ள துண்டுகளில் இதைக் கொலராடோவின் நோயல் கிளார்க், மிலானின் தொம்மாசோ பெல்லினி ஆகியோரின் குழு 2007-இல் காட்டியது.

மறுமொழி 2:
அதே ஆய்வில் என்னைக் கவர்ந்த சான்று ஒன்றுண்டு. துண்டின் நுனியில் இணை சேராத இரண்டு தைமின் (டி) காரங்களைத் தொங்கவிட்டபோது நீர்மப் படிகம் தோன்றவில்லை. முனை மறைந்தவுடன் அடுக்கும் நின்றுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பக்கவாட்டில் நிகழ்வது வேறு: பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னேற்றத்தால் துண்டுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. 1 மில்லிமோலார் உப்பில் ஏறத்தாழ 10 நானோமீட்டர் வரை எட்டும் அவ்விலக்கம், 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே உப்பின் அளவைக் குறிப்பிடாமல் செறிவை மட்டும் சொன்னால் முடிவுகளை ஒப்பிட இயலாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நீர்த்த கரைசலிலும் இத்தொடர் ஈரிழையாகவே இருக்கும் என்று கொள்ளலாமா?

மறுமொழி 2:
கொள்ள வேண்டாம். செறிவும் உப்பும் குறைந்தால், இது துணை தேடாமல் தன்மீதே மடிந்து கொண்டையூசி வடிவம் எடுக்கும். வெவ்வேறு செறிவுகளில் 260 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலைச் சூடேற்றியபடி அளந்து உருகுநிலையை, அதாவது இணைகள் பிரியும் வெப்பநிலையைக் கண்டறியுங்கள். செறிவு கூடும்போது உருகுநிலையும் உயர்ந்தால் ஈரிழை, அசையாமல் நின்றால் கொண்டையூசி.