புதுப்பிப்பு: டிவியில் பார்த்த அந்தப் பொன்னிறம் வந்துவிட்டது

டிவி சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் சட்டென்று பொன்னிறமாகிறது, வீட்டில் மட்டும் ஏன் வெளிறிப்போய் நிற்கிறது என்று போன முறை கேட்டிருந்தேன். வாணலியை நிரப்பாதீர்கள், ஈரம் வற்றட்டும் என்று பலரும் சொன்னீர்கள். செய்து பார்த்தேன். அதுதான் சரி.

ஈரம் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே நின்றுவிடும். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் சுமார் 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். 1912-இல் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. அகலமான வாணலியில் கொஞ்சமாகப் போட்டதும் வித்தியாசம் காதிலேயே கேட்டது: முதலில் ஈரமான இரைச்சல், ஆவி அடங்கியதும் மெல்லிய படபடப்பு. அப்புறம்தான் ஓரங்கள் சிவக்க ஆரம்பித்தன. அடியில் ஒட்டிய பழுப்பை ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினேன். சுவை முழுக்க அதில்தான் இருக்கிறது!

நேரத்தை மட்டும் டிவியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மெல்லிய தீயில் நன்றாகச் சிவக்க அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், அதெல்லாம் எடிட்டிங்கில் போய்விடுகிறது. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து கிண்ணங்களில் வைக்கிறார்களே, அதை அப்படியே பின்பற்றலாம். எனக்குப் பதற்றமே போய்விட்டது.

அடுத்து காளான். அது இன்னும் நிறைய தண்ணீர் விடும். உப்பை முதலிலேயே போடுவீர்களா, சிவந்த பிறகா?